இரவல் படமும் நம் சரக்கும்

திருநெல்வேலியில், பாளையங்கோட்டையிலும் டவுனிலும் உள்ள சிறு கடைகளுக்கு இணையப் பக்கங்கள் எழுதித் தருவது என் தொழில். ஸ்டாக் படங்களை, அதாவது பலரும் எடுத்துப் பயன்படுத்தத் தளங்களில் தயாராகக் கிடைக்கும் படங்களைப் பற்றி எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு: விற்கும் சரக்கின் படம் கடையிலேயே எடுக்கப்பட வேண்டும்; அதைச் சுற்றியுள்ள செய்திக்கு மட்டுமே இரவல் படம் உதவும்.

அல்வாக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர், இலவசப் படத் தளங்களான அன்ஸ்பிளாஷிலோ பெக்ஸெல்ஸிலோ ஒரு படத்தை எடுத்துப் போட்டுவிடலாமே என்றார். தேடியபோது கேரட் அல்வாவும், பிஸ்தா பதித்த துருக்கி நாட்டு எள் அல்வாக் கட்டிகளுமே கிடைத்தன. சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிண்டி இறக்கும் பண்டத்தின் கரும்பழுப்பு நிறமும், இலையில் வைத்தவுடன் ஓரத்தில் கசியும் நெய்யும் அவற்றில் எதிலும் இல்லை. "இது நம்ம அல்வா இல்லலா தம்பி" என்று அவரே ஒதுக்கிவிட்டார். குழல்விளக்கை அணைத்துவிட்டு, வாசல் வெளிச்சத்தில் வாழையிலைத் துண்டின்மேல் வைத்துக் கைபேசியில் எடுத்த படம்தான் இப்போது முகப்பில் இருக்கிறது. பத்தமடைப் பாய்க்கும் இதே கதைதான்; கோரைப்பாய் என்று தேடினால் ஜப்பானியரின் தடித்த தரைப்பாய் வந்து நிற்கும்.

ஆனால் கோதுமைக் கதிர், கூரியர் பெட்டி, தீபாவளி விளக்கு போன்றவற்றை நாமே படம் எடுக்க மெனக்கெட வேண்டியதில்லை. வெளியூருக்கு அனுப்பும் முறையையும் பண்டிகை முன்பதிவையும் விளக்கும் நீண்ட பத்திகளுக்கு நடுவே இத்தகைய படம் ஒன்று இருந்தால், கைபேசியில் படிப்பவரின் கண்ணுக்குச் சற்று ஓய்வு கிடைக்கும். அகலத்தை 1200 பிக்சல் அளவுக்குக் குறைத்து கோப்பைச் சிறிதாக்கும் வெப்பி (WebP) வடிவில் சேமித்தால், பக்கமும் தாமதமின்றித் திறக்கும்.

உரிமத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். கூகுள் தேடலில் தென்படும் படமெல்லாம் பொதுச் சொத்து அன்று. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, வெளியான புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. கட்டணத் தளங்களில் "ராயல்டி ஃப்ரீ" என்றால் ஒருமுறை பணம் கட்டிப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதே பொருள். இலவசம் என்று எண்ணிவிடக் கூடாது. "எடிட்டோரியல்" (செய்தி, கட்டுரைகளுக்கு மட்டும்) என்று குறிக்கப்பட்ட படம் விளம்பரத்துக்கு ஆகாது. விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ் படங்கள் பலவற்றுக்கு, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் குறிப்பிட்டே ஆகவேண்டும். இலவசத் தளத்துப் படமே ஆனாலும், அதில் முகம் தெரியும் ஒருவரை நம் கடையின் வாடிக்கையாளர் என்று காட்டுவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை.

இந்த விதிகளும் நிலையானவை அல்ல. எடுத்தவர் தம் உரிமையை முழுதும் விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் ஜீரோ உரிமத்தில் படங்களை வழங்கிவந்த அன்ஸ்பிளாஷ் 2017இலும், பிக்சபே 2019இலும் தத்தம் சொந்த உரிமத்துக்கு மாறின. ஆகவே படத்தை இறக்கும்போதே அதன் முகவரியையும், அன்றைய உரிமப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும், தேதியையும் அந்தக் கடையின் கோப்புறையிலேயே சேர்த்து வைத்துவிடுகிறேன்.