பபூன் பெஞ்சு

பங்குனி 1
வாய்ப்பேச்சு எடுபடலை. நாடகத்துல பபூன் நான் மேடையேறினா பாதிச் சனம் டீக்கடைக்குப் போகுது.

பங்குனி 4
பழைய டீக்கடை பெஞ்சு. டான்ஸ்காரக்கா ஒரு முனை, நான் மறு முனை; அக்கா எந்திரிச்சதும் பெஞ்சு சாஞ்சு நான் விழணும். 5 அடி நீளம், 14 கிலோ. கால் ரெண்டும் முனையிலிருந்து 12 அங்குலம் உள்ளே. ஆள் 58 கிலோ. காலுக்கு வெளியே 4 அங்குலத்துல உட்கார்ந்தா அசையலை, 5-ல தூக்குது. நடுவுக்கும் காலுக்கும் 18 அங்குலம். 14-ஐ 18-ஆல பெருக்கி 58-ஆல வகுத்தா நாலே கால் சொச்சம். சரியாத்தான் வருது. மேடைக்கு 9-ல சாக்பீஸ் கோடு. பாதம் தரையில ஊணியிருந்தா கணக்கு செல்லாது, எடை என் பாதத்துக்குப் போயிரும்.

பங்குனி 5
வளவுல, அதான் வீட்டு முற்றத்தைச் சுத்தின தாழ்வாரத்துல, பழகக் கூடாது. ஆத்தங்குடிக் கல்லுல பெஞ்சு சாயாம வழுக்கி ஓடுது. கால் அடியில சைக்கிள் டியூப் வெட்டி அடிச்சாச்சு. ஆணித்தலை ரப்பருக்குள்ள புதையணும். கல்லுல கீறல் விழுந்தா வீட்டுக்காரவுக சும்மா விடமாட்டாக.

பங்குனி 6
இடுப்பு.

பங்குனி 9
முதல்ல வைக்கோல், அப்புறம் நாலு சாக்கு, கடைசியிலதான் பலகை. பக்கவாட்டுல விழணும்: தொடை, புட்டம், தோள்னு வரிசையா. தாடை நெஞ்சோட. மூச்சை வெளிய விட்டுக்கிட்டே. கையை ஊணினா மணிக்கட்டு போச்சு, ஊணத்தான் தோணும். ஆள் சரிஞ்சதும் தூக்கின முனை டமார்னு திரும்ப இறங்கும். டான்ஸ்காரக்கா எந்திரிச்சு ரெண்டு எட்டு தள்ளிப் போயிருக்கணும், இல்லாட்டி பாதத்துல இறங்கும்.

பங்குனி 13
சிரிப்பே இல்ல. அக்கா எந்திரிச்ச அதே நொடி விழுந்தாச்சு. சனம் அடிபட்டுச்சுன்னு நினைச்சு எட்டிப் பார்க்குது. 9 அங்குலம் சரி. என் பாதம்தான் அவசரப்பட்டுச்சு.

பங்குனி 14
அக்கா எந்திரிச்ச பிறகும் பாதத்தை அழுத்தி உட்காரணும். ஒண்ணு, காலி இடத்தைப் பார்க்கணும். ரெண்டு, சனத்தை. மூணு, பாதத்தை மெதுவா தூக்கணும். மிருதங்க அண்ணனுக்கும் சொல்லியாச்சு: சாயும்போது வேணாம், தோள் பலகையில பட்டதும் ஒரே அடி. சத்தம் குடுக்குற ஆல்ரவுண்டு வாத்தியக்காரர், பெஞ்சு இறங்குற சத்தத்துக்கு.

பங்குனி 18
மூணு எண்ணலை, அஞ்சு எண்ணினேன்! ரெண்டுலயே சிரிப்பு கிளம்பிருச்சு. டீக்கடையில ஒரு ஆளும் இல்லையாம்.

பங்குனி 19
இடுப்பு. தவிட்டு ஒத்தடம்.

பங்குனி 27
மூணு ஊர் அட்வான்ஸ். மூணு ஊர்லயும் பெஞ்சு வேணுமாம்.

சித்திரை 2
வேன் மேல கட்டினதுல ஒரு கால் ஆடுது. ஆணி வேணாம், பலகை பிளந்துரும். ஆப்புதான். நாளைக்குள்ள அடிக்கணும்.