எக்மோ ஆக்ஸிஜனேட்டரைக் கழற்றும் முன்

எக்மோ என்பது ரத்தத்தை உடலுக்கு வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி; ஏற்றும் வேலையைச் செய்யும் பகுதி ஆக்ஸிஜனேட்டர். நோயாளியின் சாச்சுரேஷன் (ஹீமோகுளோபினில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கும் சதவீதம்) இறங்கினால் உடனே ஆக்ஸிஜனேட்டர் மீதுதான் சந்தேகம் விழும். மாற்றுவதென்றால் பம்பை நிறுத்தி, டியூபை கிளாம்ப் போட்டு வெட்ட வேண்டும். அதற்கு முன் ஒரு கணக்கு போட்டுவிடுங்கள்.

ஆக்ஸிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுங்கள். ஹீமோகுளோபின் × 1.34 × சாச்சுரேஷன் வித்தியாசம் (35 சதவீதம் என்றால் 0.35). அதோடு பிஓ2 (ரத்தத்தில் ஆக்ஸிஜனின் அழுத்தம்) வித்தியாசம் × 0.003. வரும் தொகையை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற ரத்த ஓட்டத்தாலும் 10ஆலும் பெருக்கினால், நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ஆக்ஸிஜன் ஏறுகிறது என்று தெரியும். ஹீமோகுளோபின் 10, சாச்சுரேஷன் 65லிருந்து 100, பிஓ2 35லிருந்து 400, ஓட்டம் 4 லிட்டர் என்றால் சுமார் 230 மி.லி. வி-வி எக்மோவில் (சிரையிலிருந்து எடுத்து சிரைக்கே திருப்பும் முறை) உள்ளே வரும் ரத்தமே 85 சதவீதம் என்றால் இது ஏறக்குறைய பாதியாகிவிடும். பெரும்பாலும் அது ரீசர்க்குலேஷன்: ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமே உடலுக்குப் போகாமல் மறுபடி கருவிக்குள் வருவது. கேனுலா (ரத்தக்குழாய்க்குள் செருகிய குழாய்) இருக்கும் இடத்தைப் பாருங்கள். புது ஆக்ஸிஜனேட்டர் போட்டாலும் அதே கணக்குதான் வரும்.

நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுத்தும் வெளியேறும் ரத்தத்தின் பிஓ2 200க்குக் கீழே போய், கார்பன் டை ஆக்ஸைடும் ஏறினால் முதலில் தண்ணீரை நினையுங்கள். ரத்தத்தின் சூட்டில் எழும் நீராவி, ஏசி குளிரில், ஆக்ஸிஜனேட்டரில் வாயு ஓடும் மெல்லிய குழல் இழைகளுக்குள்ளேயே துளியாகித் தேங்கும். ஸ்வீப்பை (இழைகளுக்குள் ஓடும் வாயுவின் அளவு) சில வினாடிகள் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு ஏற்றி ஊதித் தள்ளிவிட்டு, மறக்காமல் பழைய அளவுக்கே இறக்குங்கள். மறந்தால் கார்பன் டை ஆக்ஸைடு அதலபாதாளத்துக்குப் போய்விடும். வாயு வெளியேறும் துளையை மட்டும் எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது: வாயு அழுத்தம் ரத்த அழுத்தத்தை மிஞ்சினால் காற்று ரத்தத்துக்குள் போகும்.

அடுத்தது ரத்தக்கட்டி. டெல்டா பி (ஆக்ஸிஜனேட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்த வித்தியாசம்) ஏறுகிறதா என்பதை ஒரே ஓட்டத்தில் ஒப்பிட்டால்தான் அர்த்தம். ஓட்டத்தைக் கூட்டினால் அதுவும் தானாகக் கூடும். அது சரியாக இருப்பதை வைத்து நிம்மதி அடையவும் முடியாது. மூலைகள் அடைபட்டாலும் மீதி இழைகளுக்கு இடையே ரத்தம் ஓடிவிடும். டார்ச் அடித்து மூலைகளைப் பாருங்கள். பிளேட்லெட் குறைந்து, டி-டைமர் (ரத்தக்கட்டி கரையும்போது ரத்தத்தில் சேரும் துணுக்கு) ஏறிக்கொண்டே போனால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் நம்பாதீர்கள்.

இழைகளின் பரப்பைக் கூட்டி, பெரிய ஆக்ஸிஜனேட்டர் போட்டால் தீருமே என்று தோன்றும். ஆக்ஸிஜனுக்குப் பெரிய தடை இழையின் சுவர் அல்ல, இழையை ஒட்டி மெதுவாக நகரும் ரத்தப் படலம். அதைக் கலைக்கத்தான் இழைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குகிறார்கள். பரப்பு கூடினால் ரத்தம் உறைய இடமும் கூடும். பெரிய ஆக்ஸிஜனேட்டரில் ஓட்டத்தை 2 லிட்டருக்குக் கீழ் வைத்து நாள்கணக்கில் ஓட்டினால் முதலில் கறுப்பது மூலைகள்தான்.