நாயின் மூக்குக்கு வேலை கொடுங்கள்

கோடையில் வன்னியின் கிரவல் றோட்டு காலை 9 மணிக்கே சூடேறிவிடும். புறங்கையை நிலத்தில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். அதற்கு முன்னமே கையை எடுக்க வேண்டிவந்தால் நாயின் பாதத்துக்கும் அந்த இடம் சுடும். நாய்க்கு எங்களைப்போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், மிச்சச் சூட்டை நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் வெளியேற்ற வேண்டும். ஆகவே ஓட்டம், பந்தெறிதல் எல்லாம் காலை 7 மணிக்கு முன்னும் பின்னேரம் ஐந்தரைக்குப் பின்னும்தான். இடைப்பட்ட பத்தரை மணித்தியாலமும் சங்கிலியில் சும்மா கிடக்கிற நாய் வேலியோரம் கிண்டும், செருப்பைக் கடித்துக் குதறும், றோட்டால் போகிற எல்லாத்துக்கும் குரைக்கும். அடித்தால் குரைப்பு கொஞ்ச நேரம் நிற்கும். சலிப்பு அப்படியே இருக்கும்.

எங்கட வெக்கைக்குப் பொருந்துகிற விளையாட்டு மூக்கு விளையாட்டு. மரநிழலில் ஓடாமல் விளையாடலாம். கால் மணித்தியாலம் மோந்து தேடிய நாய் தானாகவே போய்ப் படுத்துவிடும். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலையில் நாய்களையும் பயன்படுத்தினார்கள். அந்தப் பயிற்சியின் அடித்தளமும் இதுதான்: மணத்தைக் கண்டுபிடித்தால் பரிசு.

முதலில் தீன். கோழி ஈரல் 100 கிராமை உப்பில்லாமல் 10 நிமிடம் அவித்து, ஆறவைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, கச்சான் பருப்பில் பாதி அளவுக்கு வெட்டுங்கள். பெரிதாக வெட்டினால் நாய் நின்று மெல்லும், விளையாட்டு அறுந்துபோகும். நெத்தலிக் கருவாடும் நல்லது, ஆனால் முதல் நாள் இரவே ஊறப்போட்டு இரண்டு தரம் தண்ணீர் மாற்றி உப்பைப் போக்க வேண்டும். கறிச்சட்டியில் மிஞ்சியது வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். சமைத்த கோழி எலும்பு கூராகச் சிதறிக் குடலைக் குத்தும். விளையாட்டில் கொடுக்கிற தீன் அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது, அந்தளவு சோற்றைக் குறைத்துவிடுங்கள்.

அடுத்தது, 'செய்தது சரி' என்று நாய்க்குச் சொல்ல ஒரு சத்தம். 'ஓம்', 'சரி' இரண்டும் எங்கட வாயில் நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். நாய் அதைக் கணக்கெடுக்காது. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி 'டக்' என்று ஒரு சத்தம் போடுங்கள். சத்தம், உடனே ஒரு துண்டு ஈரல். இப்படி 15 தரம், இரண்டு நாள். பிறகு டக் என்றதும் நாய் உங்கள் கையைப் பார்க்கும். சரியான செயல் நடந்த ஒரு செக்கனுக்குள் அந்தச் சத்தம் வரவேண்டும். பிந்தினால் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நாய் படிக்கும். குந்தியதற்கு என்று நீங்கள் கொடுத்த தீனை, எழும்பியதற்கு என்று அது எடுத்துக்கொள்ளும்.

இனிச் சிரட்டை விளையாட்டு. கண் திறந்த பாதிச் சிரட்டை மூன்று எடுங்கள். அந்தக் கண்ணால்தான் மணம் மேலே வரும், கண்ணில்லாத பாதி சரிவராது. விளிம்பைச் சண்ட் பேப்பரால் உரசி, தும்பெல்லாம் எடுத்துவிடுங்கள். ஒரு சிரட்டையைக் கவிழ்த்து, நாய் பார்த்திருக்கவே உள்ளே ஒரு துண்டை வையுங்கள். அது கண்ணடியில் மூக்கை அழுத்திப் புஸ் புஸ் என்று மூச்சிழுக்கும். அந்த நேரம் டக், உடனே சிரட்டையைத் தூக்குங்கள். பத்துக்கு எட்டுத் தரம் சரியாக வந்தபின் வெறுஞ்சிரட்டை ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள், பிறகு மூன்றாவது. நாய் சிரட்டையைக் கவ்வத் தொடங்கினால் நீங்கள் தூக்கப் பிந்துகிறீர்கள் என்று அர்த்தம். மூன்றையும் சும்மா தட்டிவிட்டுத் திரிந்தால் மூன்றிலும் ஈரல் மணம் ஏறியிருக்கிறது. எப்போதும் ஒரே சிரட்டைக்குள்ளேயே தீனை வைத்து, மற்ற இரண்டையும் சுடுதண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுங்கள். ஒருநாளைக்கு 5 நிமிடப்படி மூன்று தரம் போதும். நாய்க்கு ஆசை இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

வளவில் ஒளித்துவைத்துத் தேடவிடுவது இதன் அடுத்த படி. காற்றுத்தான் இதில் கணக்கு. சோளகம் அடிக்கிற நாளில் தீனைக் காற்று வருகிற பக்கம் வைத்து, நாயை எதிர்ப்பக்கம் நிறுத்தி விட்டால் மணம் அதன் மூக்குக்கு நேரே வரும். தொடக்கத்தில் 3 மீற்றர், பழகப் பழக 10, 15 மீற்றர். விரலால் காட்டிக்கொடுக்காதீர்கள், காட்டினால் அது மூக்கை விட்டுவிட்டு உங்கள் கையைப் படிக்கத் தொடங்கும். மத்தியானக் காய்ந்த மண்ணை விட, தண்ணீர் தெளித்த மண்ணிலும் மாரி ஈரத்திலும் மணம் தங்கும். புதுநாய்க்கு அங்கே தொடங்குவது சுலபம்.

பழைய சாரம் ஒன்றும் பொம்மையாகும். விரித்து, பத்துப் பன்னிரண்டு துண்டு தீன் தூவி, பாய் மாதிரிச் சுருட்டிக் கொடுத்தால் மூக்காலும் காலாலும் விரிக்கும். பக்கத்தில் இருங்கள், துணியைக் கிழித்து விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். உரப்பையையோ மருந்தடித்த கானையோ விளையாட்டுக்கு எடுக்கவே வேண்டாம்.

கிண்டுகிற நாய்க்குத் தனி இடம் கொடுங்கள். வெக்கைக்குக் குளிர்ந்த மண்ணைத் தேடித்தான் அது அநேகமாகக் கிண்டுகிறது. மாமரத்தடியில் ஒன்றரை மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம், ஒரு அடி ஆழத்தில் வெட்டி ஆற்று மணல் நிரப்பி, காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும். மேலாக இரண்டு துண்டு கருவாட்டைப் புதைத்தால் கத்தரிப் பாத்தி தப்பும்.

சொற்களில் வீட்டார் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும். அப்பம்மா 'இரு' என்றும் பிள்ளை 'சிட்' என்றும் தம்பி 'குந்து' என்றும் சொன்னால் நாய்க்கு மூன்றும் சத்தம்தான். 'குந்து' நல்ல தேர்வு. 'இரு' என்பதை வருகிற ஆக்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

'விடு' என்பதை மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகப் பழக்குங்கள். புடையனும் நாகமும் இருக்கிற வளவில் அந்தச் சொல் நாயின் உயிரைக் காக்கும். மூடிய கைக்குள் ஒரு துண்டு தீன் வைத்து மூக்கடியில் நீட்டுங்கள். நக்கும், கீறும், பேசாமல் இருங்கள். தலையைப் பின்னுக்கு எடுத்த அந்தக் கணம் டக், மற்றக் கையால் வேறு தீன். கைக்குள் இருந்ததை ஒருநாளும் கொடுக்கக்கூடாது. கை நீட்டியதும் தானாகப் பின்வாங்கத் தொடங்கியபின்தான் 'விடு' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். பிறகு தீனை நிலத்தில் வைத்துக் காலால் மூடுங்கள், அதன்பின் மூடாமல், அதன்பின் கயிற்றில் நடந்துபோகும் வழியில். கடைசியாகத் துண்டுக் கயிறு, அசைகிற குழாய் போன்றவற்றில். மூன்று, நான்கு கிழமை எடுக்கும். கூப்பிட்டால் வரப் பழக்க 10 மீற்றர் பருத்திக் கயிற்றை நெஞ்சுப்பட்டியில் கட்டுங்கள். நைலோன் கையை அறுக்கும், கழுத்துப்பட்டி திடீரென்று இழுபட்டால் தொண்டையை நெரிக்கும். பெயரை ஒரேயொரு தரம் கூப்பிட்டுவிட்டுப் பின்னுக்கு ஓடுங்கள். திரும்பியதும் டக், காலடிக்கு வந்ததும் ஐந்து துண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. கூப்பிட்டுச் சங்கிலி போடுவதும் குளிப்பாட்டுவதும் ஏசுவதும்தான் இதைக் கெடுக்கிறது. பத்துத் தரம் கூப்பிட்டால் ஒன்பது தரம் தீன் கொடுத்து மறுபடி விளையாட விட்டுவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளைத் துரத்துகிற நாய் எங்கட கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. நாயின் பக்கத்தில் நின்று பாருங்கள்: அது ஓடுகிறது, வண்டி போய்விடுகிறது, தான் துரத்தியதால்தான் போனது என்று நினைக்கிறது. ஒவ்வொரு வண்டியும் அதற்கு ஒரு வெற்றி. அதனால் பழக்கும் காலத்தில் படலை பூட்டியே இருக்கவேண்டும். கயிற்றோடு றோட்டிலிருந்து 30 மீற்றர் உள்ளே நில்லுங்கள். வண்டியைக் கண்டும் உடம்பு விறைக்காமல் நாய் நிற்கும் தூரம் அதுவாக இருக்கவேண்டும், விறைத்தால் இன்னும் பின்னுக்குப் போங்கள். வண்டியைக் கண்டதும் டக், தீன். வீட்டு ஆள் ஒருவரை மோட்டார் சைக்கிளில் மெதுவாக ஓடிப்போகச் சொன்னால் பயிற்சியை நீங்களே ஒழுங்குபடுத்தலாம். கிழமைக்கு 5 மீற்றர் கிட்டப் போனால் போதும்.

கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் கட்டையில் கட்டாதீர்கள். 10 மீற்றர் இடைவெளியுள்ள இரண்டு மரத்துக்கு நடுவே 2 மீற்றர் உயரத்தில் கம்பி இழுத்து, அதில் ஓடும் வளையத்தில் சங்கிலியைக் கொழுவுங்கள். இரண்டு மரத்துக்கும் 2 மீற்றர் முன்னால் கம்பியில் கிளாம்ப் போட்டு வளையத்தைத் தடுக்காவிட்டால் நாய் மரத்தைச் சுற்றிச் சிக்கிவிடும். நாய் சௌகரியமாகப் படுக்கும் அளவுக்குச் சங்கிலி நீளம் வேண்டும், நுனியில் சுழலும் கொக்கி. வேலி அதற்கு எட்டவே கூடாது. வேலி பாய்ந்து மறுபக்கம் தொங்கி நெரிபட்டுச் சாகிற நாய்கள் உண்டு. நிழலும் தண்ணீரும் எந்நேரமும் எட்டவேண்டும்.

உலாத்தும்போது குளக்கட்டோடு நில்லுங்கள். எங்கட குளங்களில் முதலை இருக்கிறது, தண்ணீருக்குள் தடி எறிந்து விளையாட வேண்டாம். சிவப்புக் கண்ணிவெடிப் பலகை நிற்கிற பற்றைப் பக்கம் நாயை அவிழ்க்கவே கூடாது. வீட்டுக்கு வந்ததும் காதுமடலின் உள்ளேயும் விரலிடுக்கிலும் கை விட்டுத் தடவுங்கள். நெருஞ்சி முள்ளும் உண்ணியும் அங்கேதான் இருக்கும். உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் பூசுவதும் நெருப்பு வைப்பதும் கூடாது.

விளையாட்டின் நடுவே இளைப்பு அடங்காமல், பல்முரசு கடுஞ்சிவப்பாகி, எச்சில் கொட்டி, கால் தள்ளாடினால் அது சூடு பிடித்ததன் அடையாளம். நாயின் சாதாரண உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 பாகை செல்சியஸ், 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிழலுக்கு இழுத்து, கிணற்றுத் தண்ணீரை உடம்பெங்கும் விடாமல் ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.