பரோவுக்குப் போன மிளகாய்த்தூள்

இலண்டனின் வடமேற்கு மூலையில் ஹரோ என்றோர் இடம் உண்டு. இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில் பரோ என்றோர் ஊர் உண்டு. முன்னையதில் என் மனைவியின் பெரியம்மா குடியிருக்கிறார். பின்னையதில் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்கள் கட்டுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 270 மைல் கிடக்கிறது. ஆனால், குசினியில் தாளிதம் பொரிந்துகொண்டும் புகைபோக்கி இரைந்துகொண்டும் இருக்கிற ஒரு வெள்ளிக்கிழமை இரவில், "நாளைக்குப் பரோவுக்குப் போறன்" என்று கதவடியில் நின்று சொல்லிவிட்டுப் படுக்கப் போகிறவனுக்கு, அந்த 270 மைலும் ஓர் எழுத்துக்குள் அடங்கிவிடும் என்பது தெரிய நியாயமில்லை.

நான் ஏன் பரோவுக்குப் போகவேண்டி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். இருபது வருடமாக டூட்டிங்கில் குடியிருக்கிறவன் நான். இலண்டனில் வாழ்கிற எங்கள் ஆட்களில் பலர் ஆர்சனலையோ லிவர்பூலையோ மன்செஸ்டர் யுனைட்டட்டையோ பிடித்துக்கொண்டு, வரவேற்பறைச் சோபாவில் இருந்தபடியே உலகக் கிண்ணக் கணக்கில் சத்தம் போடுகிறார்கள். எனக்கு வாய்த்தது ஏஎஃப்சி விம்பிள்டன். விம்பிள்டன் கணபதி கோயிலுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு, அப்படியே நடந்து உதைபந்தாட்ட மைதானத்துக்குப் போகக்கூடிய கழகம் அது ஒன்றுதான் என்பது முதற்காரணம். இரண்டாவது காரணம் அதன் வரலாறு. 1988-இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கிண்ணத்தைத் தூக்கிய விம்பிள்டன் கழகத்தை, 2002-இல் மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்கு மாற்றலாம் என்று மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் தீர்ப்பளித்தது. ரசிகர்கள் அழுதுவிட்டு வீட்டுக்குப் போகாமல், சில கிழமைகளுக்குள்ளேயே சொந்தமாக ஒரு கழகத்தைத் தொடங்கி, பொதுவெளிப் புல்தரையில் ஆட்களைத் தெரிந்தெடுத்து, ஒன்பதாம் நிலை லீக்கிலிருந்து ஆடத் தொடங்கினார்கள். ஊரை விட்டு எழும்பி வந்து, திரும்பிப் போகிற கனவோடு இருக்கிற ஒருவனுக்கு, இடம்பெயர்ந்த கழகம் ஒன்றின் மேல் பாசம் வருவதில் வியப்பில்லை. 1991-இல் விட்டுப் பிரிந்த பிளவ் லேனுக்கு, பழைய மைதானம் இருந்த இடத்துக்கு மிகக் கிட்ட, 2020 நவம்பரில் கழகம் திரும்பி வந்தபோது கொரோனா காலம். ஆதலால் இருபத்தொன்பது வருடம் காத்திருந்த ஆதரவாளர்களில் ஒருவர்கூட உள்ளே போக முடியவில்லை. இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் எங்களுக்கு மட்டுமே வாய்க்கும்.

எங்கள் கழகம் 2022-இல் லீக் டூ எனப்படும் நான்காம் நிலைக்கு இறங்கி, 2025-இல் வெம்பிளியில் வோல்சாலை வென்று மேலே ஏறும்வரை இருந்த காலத்தில் இந்தச் சம்பவம் நடந்தது. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை எந்த ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக்கூடாது என்ற பழைய விதி ஒன்று உண்டு. சிறிய கழகங்களின் மைதானங்கள் வெறிச்சோடிப் போகக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே, பரோவில் மூன்று மணிக்கு ஆட்டமென்றால் பரோவுக்குத்தான் போகவேண்டும். ஊரில் அம்மா புரட்டாசிச் சனிகளில் எள்ளெண்ணெய் எரித்துச் சனீஸ்வரனைச் சாந்தப்படுத்துவார். கீழ்நிலை லீக் ஒன்றின் ஆதரவாளனுக்கோ ஓகஸ்ட் தொடங்கி மே வரை ஒவ்வொரு கிழமையும் சனிதான்.

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு, மனைவி எழும்பாதபடி சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தேன். கதவடியில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. அதற்குள், இரண்டு பொலித்தீன் உறைகளில் போட்டு மண்ணிற டேப்பால் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிய மூன்று கிலோ மிளகாய்த்தூள். முதல் கிழமைதான் சாவகச்சேரியிலிருந்து யாரோ ஒருவரின் பயணப்பெட்டியில் ஏறி வந்திருந்தது. பக்கத்தில் ஒரு டின் பருத்தித்துறை வடை. மேலே, பின் குத்திய கடதாசியில் மனைவியின் கையெழுத்து: "பெரியம்மாட்டை மறக்காமல் குடுங்கோ. ஹரோவுக்குப் போறது எனக்கு முந்தியே தெரிஞ்சிருந்தால் புட்டும் அவிச்சுத் தந்திருப்பன்."

அந்த இடத்தில் நேர்மையான மனிதன் ஒருவன் மேலே போய் மனைவியை எழுப்பி உண்மையைச் சொல்லியிருப்பான். ஆனால் பஸ் ஆறரைக்குப் புறப்படும். அதைவிட, "ஹரோ இல்லை, பரோ" என்று சொன்னால், "அது எங்கை இருக்கு?" என்ற கேள்வி வரும், "ஸ்கொட்லாந்துக்குக் கிட்ட" என்ற பதிலைக் காலை ஐந்தே முக்காலுக்குக் கேட்ட எந்த மனைவியும் சும்மா இருக்கமாட்டாள். பையை அப்படியே வைத்துவிட்டுப் போனாலோ குற்றம் இரண்டாகிவிடும். இரவு திரும்பி வருகிற வழியில் எங்காவது ஹரோப் பக்கம் இறங்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பையைத் தூக்கித் தோளில் மாட்டினேன்.

ஆதரவாளர் பஸ்ஸில் எனக்கு வழக்கமாகப் பக்கத்தில் இருக்கிறவர் எழுபது வயது தாண்டிய ஓர் ஆங்கிலேயர். ஓய்வுபெற்ற தபால்காரர், மூன்று சட்டைக்கு மேல் ஒரு மழைக்கோட்டு, மடியில் ஒரு தேநீர்க் குடுவை. உதைபந்தாட்டத்துக்குப் போகிற பஸ்ஸில் மதுவைக் கொண்டுபோகக்கூடாது என்று 1985-இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள்; ஆகையால் அந்தக் குடுவையில் இருப்பது தேநீர்தான் என்று நம்புவதே எல்லாருக்கும் நல்லது. அவர் முழு வழியும் கதை சொல்லுவார். பரோ கழகத்தை 1972-இல் மற்றக் கழகங்கள் வாக்களித்து லீக்கை விட்டு வெளியேற்றிவிட்டு ஹியர்ஃபோர்டைச் சேர்த்துக்கொண்டதையும், அவர்கள் திரும்பி வர 48 வருடம் எடுத்ததையும் அன்று அவர்தான் சொன்னார். 1977-இல் எங்கள் விம்பிள்டன் லீக்குக்குள் வந்ததும் அதே மாதிரி வாக்கெடுப்பில்தான் என்றும், அப்போது இடத்தை இழந்த வேர்க்கிங்டன் பரோவுக்கு அயலூர் போன்றது என்றும் சொல்லிவிட்டு, "அந்தப் பக்கத்து ஆட்கள் நம்மை அன்பாகப் பார்ப்பார்கள் என்று எதிர்பார்க்காதே" என்று முடித்தார். முடிக்கும்போது அவர் வாயில் பெரியம்மாவின் வடையில் மூன்றாவது கரைந்துகொண்டிருந்தது. டின்னை நான் திறந்தேனா, அது தானாகத் திறந்துகொண்டதா என்பது இப்போது சரியாக நினைவில்லை.

எம்6 நெடுஞ்சாலை வழக்கம்போல ஊர்ந்தது. பதினொன்றரைக்குக் கைபேசி அடித்தது.

"பெரியம்மா வீட்டை போயிற்றியளோ?"

"இல்லை, இன்னும் போகேல்லை. ரோட்டு நல்லா இறுகிப் போய்க் கிடக்கு."

"இப்ப எங்கை நிக்கிறியள்?"

யன்னலுக்கு வெளியே பார்த்தேன். அறுகோணத் தலையோடு ஒரு பழைய கொங்கிறீட் கோபுரம் நின்றது. 1965-இல் திறந்த லங்காஸ்டர் இளைப்பாறு நிலையத்தின் கோபுரம் அது. பொய் சொல்லக்கூடாது என்ற வைராக்கியத்தோடு, "லங்காஸ்டருக்குக் கிட்ட" என்றேன்.

"லங்காஸ்டர் கேட்டுக்கோ? அங்கை ஏன் போனியள்? நோர்தேர்ண் லைன் இண்டைக்கும் மூடிப்போட்டாங்களோ? சரி சரி, பாத்துப் போங்கோ."

இலண்டனின் நிலக்கீழ் ரயில் வரைபடத்தில் லங்காஸ்டர் கேட் என்றொரு நிலையம் உண்டு. அந்த வரைபடத்தை வரைந்தவர்களுக்கு அன்று நான் மனதார நன்றி சொன்னேன். அவர்கள் ஊரூராகப் பெயர் பொறுக்கி நிலையங்களுக்கு வைத்திராவிட்டால் என் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

36-ஆவது சந்தியில் எம்6-ஐ விட்டு ஏ590 வீதியில் திரும்பினால், பிறகு அது கடல் வரைக்கும் போய் பரோவில் முட்டித்தான் நிற்கும். பிரித்தானியாவின் மிக நீளமான முட்டுச்சந்து என்று அந்த ஊரைப் பகிடியாகச் சொல்வார்கள். மலைகளும் சேற்றுக் கழிமுகங்களும் மாறி மாறி வந்த பிறகு, நீர்மூழ்கிகள் கட்டுகிற அந்த வெளிறிய பெரிய மண்டபம் வீடுகளின் கூரைகளுக்கு மேலே எழும்பி நின்றது. பஸ்ஸால் இறங்கியதும் கடற்காற்று முகத்தில் அறைந்தது. பையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மூன்று கிலோ யாழ்ப்பாண மிளகாய்த்தூளை முன்பின் தெரியாத ஊரில் தனியே விட்டுவிட்டு வருகிற நெஞ்சுரம் எனக்கு இல்லை.

ஹோல்கர் ஸ்ட்ரீட் மைதான வாசலில் மஞ்சள் அங்கி போட்ட ஊழியர் ஒருவர், மிகவும் மரியாதையாக, "பையைத் திறந்து காட்ட முடியுமா, ஐயா?" என்று கேட்டார். காட்டினேன். அவர் முதலில் டேப் சுற்றிய பொதியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு மறுபடியும் பொதியைப் பார்த்தார். பொலித்தீனின் ஒரு மூலையால் செம்மஞ்சள் தூள் இலேசாகக் கசிந்திருந்தது. மைதானங்களுக்குள் வண்ணப் புகைக்குண்டு கொண்டுபோவது குற்றம். அதைத் தடுக்கத்தான் அவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள். அவருடைய கடமை உணர்ச்சியில் நான் ஒரு குறையும் காணமாட்டேன். மூன்று கிலோ சிவப்புத் தூளோடு 270 மைல் தாண்டி வந்து, "இது என் மனைவியின் பெரியம்மாவுக்கு" என்று சொல்கிறவனை நான் அவருடைய இடத்தில் இருந்தாலும் உள்ளே விட்டிருக்கமாட்டேன்.

"உங்கள் பெரியம்மா பரோவிலா இருக்கிறார்?"

"இல்லை, ஹரோவில்."

"அப்படியானால் இதை ஏன் இங்கே கொண்டுவந்தீர்கள்?"

இந்தக் கேள்விக்குச் சுருக்கமான விடை கிடையாது. வாசலுக்குப் பக்கத்தில் இருந்த சிறிய அறைக்குக் கூட்டிப்போய் இருத்தினார்கள். மேலதிகாரி ஒருவர் வந்தார். அவருக்கும் முதலிலிருந்து சொன்னேன். வெளியே ஆட்டம் தொடங்கிய ஊதல் கேட்டது. சிறிது நேரத்தில் பெரிய ஆரவாரமொன்று எழும்பிப் பாதியில் அறுந்தது; ஓஃப்சைட் என்று பிறகு அறிந்தேன். இவ்வளவு தூரம் வந்து, ஆட்டத்தைச் சுவருக்கு இந்தப்பக்கம் இருந்து காதால் பார்த்தவன் நான்.

கடைசியில் மேலதிகாரி ஒரு சோதனைக்கு வந்தார். டேப்பைக் கத்தியால் நாகரிகமாகக் கீறி, சுட்டுவிரல் நுனியால் கொஞ்சம் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, நான் "வேண்டாம்" என்று சொல்வதற்குள் நாக்கில் வைத்துவிட்டார். அரை நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. வறுத்து இடித்த தூளின் குணம் அது; முதலில் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் மணக்கும், மிளகாய் பின்னாலேதான் வரும். வந்தது. அவருடைய காதுகள் முதலில் சிவந்தன, பிறகு கழுத்து. கண்ணால் நீர் ஓட, மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை முழுதாகக் குடித்துவிட்டு, "இது சாப்பாடுதான்" என்று தீர்ப்புச் சொன்னார். அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் என்னை அந்த ஊரோடு ஒட்டவைத்தது: ஒரு கடதாசிக் குவளையை நீட்டி, தன் இறைச்சிப் பைக்குத் தூவக் கொஞ்சம் தர முடியுமா என்று கேட்டார்.

பை என்பது இங்கே மைதானங்களில் விற்கிற சுடச்சுட மாப்பண்டம். உள்ளே இறைச்சியும் உருளைக்கிழங்கும் இருக்கும், உப்பைத் தவிர வேறு சுவை இராது. இரண்டு கரண்டி கொடுத்தேன். மற்ற ஊழியரும் தன் குவளையோடு வந்தார். பொதியை நீல டேப்பால் திரும்பச் சுற்றி, ஆட்டம் முடியுமட்டும் பூட்டி வைக்கிறோம் என்று சொல்லி என்னை உள்ளே விட்டபோது ஆட்டத்தின் இருபத்தேழாவது நிமிடம் நடந்துகொண்டிருந்தது.

நான் நின்ற படிக்கட்டுக்குக் கூரை இல்லை. மழை மேலிருந்து பெய்யாமல் பக்கவாட்டில் பெய்தது. தபால்காரர் எனக்காகப் பிடித்து வைத்திருந்த இடத்துக்குப் பொருள் எதுவும் இல்லை. நாங்கள் இருநூறு பேர்கூட வராதபடியால் எங்கும் இடம்தான். எங்கள் ஆட்கள் நீலமும் மஞ்சளுமான ஸ்கார்ஃபுகளைத் தலையில் கட்டிக்கொண்டு, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைப் போல நின்று பாடினார்கள். நானும் பாடினேன். ஆட்டம் எப்படி முடிந்தது என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தக் கதையை இதுவரை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன். மிளகாய்த்தூளுக்கு என்ன நடந்தது என்று கேட்டவர்கள்தான் எல்லாரும், எத்தனைக்கு எத்தனை என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஹரோப் பக்கம் இறங்குகிற திட்டம் பர்மிங்காமுக்குக் கிட்ட வரும்போதே செத்துவிட்டது. வீட்டுக் கதவைத் திறந்தபோது இரவு பன்னிரண்டு ஐந்து. மனைவி சோபாவில் இருந்தா. பெரியம்மா ஐந்து மணிக்கே எடுத்து, "மருமோன் இன்னும் வரேல்லை, சோறு ஆறுது" என்று சொல்லியிருக்கிறார். லங்காஸ்டர் கேட்டிலிருந்து பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு மேலாக ஒரு மனிதன் எங்கே போயிருப்பான் என்று இரண்டு வீட்டிலும் யோசித்திருக்கிறார்கள். நான் நனைந்த ஸ்கார்ஃபைக் கழற்றி, நீல டேப் சுற்றிய பொதியையும் வெறும் டின்னையும் மேசையில் வைத்துவிட்டு, கைபேசியில் வரைபடத்தைத் திறந்து நீட்டினேன். அவ விரலால் வரைபடத்தை மேலே தள்ளினா. இன்னும் மேலே தள்ளினா. பிறகு, "உங்களுக்கு என்ன விசரே?" என்று கேட்டா. அதற்கு மேல் அன்று பேச்சு இல்லை.

அடுத்த நாள் நேரே ஹரோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியம்மா பொதியைக் கையில் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில், "மூண்டு கிலோ எண்டு சொன்னவள், இது காணாதே மோனை" என்றார். முழுக் கதையையும் சொன்னேன். வடை போனதை அவர் மன்னித்துவிட்டார். தூளை வெள்ளைக்காரன் பையில் தூவினான் என்றதும், "எந்தப் பையிலை? துணிப்பையோ?" என்று கேட்டுத் திகைத்துப் போனார்.

அதன் பிறகு வந்த இன்னொரு வெள்ளிக்கிழமை இரவு, குசினிக் கதவடியில் நின்று, "நாளைக்கு நியூபோர்ட்டுக்குப் போறன்" என்றேன்.

"நியூபரி பார்க்குக்கோ? அப்ப சின்ன மாமா வீட்டை இந்த..." என்று தொடங்கிய மனைவி, எடுத்த துணிப்பையைத் திரும்ப ஆணியில் கொழுவிவிட்டு, புகைபோக்கியை நிறுத்தி, ஒரு பேனையையும் பழைய கடித உறையையும் என்னிடம் நீட்டினா.

"எழுதித் தாங்கோ."

கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: நியூபோர்ட், வேல்ஸ். அவ அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் வாசித்தா.

"பாஸ்போட் வேணுமோ?"