காற்றாலை கடலில், கேபிள் கரையில்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கும், 2022இல் அறிவித்த 448 சதுர கி.மீ. பாக் விரிகுடா கடற்பசுக் காப்பகத்துக்கும் வெளியே காற்றாலையை நட்டால் போதும் என்று, சென்னையில் உட்கார்ந்து வரைபடம் பார்த்தால் தோன்றும். போதாது. மின்சாரத்தைக் கொண்டுவரும் கேபிள் கரைக்கு வந்தாக வேண்டும். அதைப் புதைக்கக் கடலடியில் பள்ளம் தோண்டும்போது கிளம்பும் சேறு நீரோட்டத்தோடு போய்க் கடற்புல்லின் மேல் படியும். வெயில் கிடைக்காமல் புல் அழுகும், கடற்பசுவுக்கு மேய்ச்சல் போகும். ஆகவே முதலில் கடற்புல் எங்கே என்று குறிக்க வேண்டும், பிறகுதான் கேபிள் பாதை. கரையேறும் இடத்தில் மணலைக் கிளறாமல் அடியில் துளை போட்டு இழுக்கலாம்.

நம் பெசன்ட் நகர் மணலில் ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமை முட்டையிடும். பொரிய சுமார் 45 நாள். இப்படிப்பட்ட கரையில் மே முடியும்வரை வேலையும் வேண்டாம், இரவு விளக்கும் வேண்டாம்.

காற்றாலைக்குக் கடலடியில் தூண் அடிக்கிறீர்களா? முதல் 20 நிமிடமாவது மெல்ல அடியுங்கள், சத்தம் கேட்டு ஓங்கில்கள் (டால்பின்கள்) விலகிப் போகட்டும்.