கை மேல போனா வண்டி வரும்

"உங்க ஊர்ல இன்னும் ரயில் கூரை மேல உக்காந்துதான் போறாங்களா?"

பக்கத்து வீட்டுப் பாட்டி கேட்டாங்க. கிண்டல் எல்லாம் இல்ல, அந்தம்மாவுக்கு அது வராது, 82 வயசு, பிஸ்கட் தட்ட என் பக்கம் நகர்த்திக்கிட்டே சாதாரணமாத்தான் கேட்டாங்க. ஆனா எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. எங்க அப்பா கையில இருந்து டோக்கன், அதான் வண்டி போகலாம்ங்கற அனுமதி, போகாம ஒரு வண்டி அந்த ஸ்டேஷன தாண்டாது, கூரையில எவன் உக்காந்தா எங்களுக்கென்னன்னு சொல்லணும்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு. வாய்ல வந்தது "நோ நோ, நாட் மெனி". இங்கிலீஷ்ல கோவப்பட எனக்கு இங்கிலாந்து வந்த இந்த ஒன்பது வருஷத்துல வரவே இல்ல, எல்லாம் வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்க்கும்போதுதான் தமிழ்ல வருது.

பேச்சு ரயிலுக்கு எப்படிப் போச்சுன்னா, அவங்க மக வீட்டோட போறாங்க, வீட்ட காலி பண்ணுறாங்க, எனக்கு அன்னைக்கு ஆஃப், பரண்ல இருந்து பெட்டி இறக்கிக் குடுக்கப் போயிருந்தேன். ஒரு பெட்டி முழுக்க ஸ்லைடு, அட்டை ஃப்ரேம் போட்ட குட்டிக் குட்டி ஸ்லைடு. ஒண்ண எடுத்து ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். பனிமூட்டம், ரெண்டு தண்டவாளம், ஓரத்துல ஒரு கம்பம், அதுல செவப்புக் கை. "கைகாட்டி"ன்னு என்னையறியாம சத்தமா சொல்லிட்டேன். என்ன சொன்னன்னு கேட்டாங்க, எங்க அப்பா ரயில்வேன்னு சொன்னேன், அப்புறம்தான் அந்தக் கூரை.

பாவம், கடைசில அந்தப் பெட்டிய எனக்கே குடுத்துட்டாங்க. பாட்டியோட வீட்டுக்காரர் பேங்க்ல வேலை, லீவு நாள்ல எல்லாம் கேமராவத் தூக்கிக்கிட்டு தண்டவாளத்து ஓரம் போயிருவாராம். அவர் போன பிறகு அதத் திறந்து பாக்க ஆளில்ல.

எண்ணினேன், 312 இருந்துச்சு. 1961ல இருந்து 1979 வரைக்கும். ஒவ்வொண்ணுலயும் பென்சில்ல ஊர், தேதி, இன்ஜின் நம்பர். ஆரம்பத்துல எதுக்கு இந்த மனுஷன் இப்படி ஓடி ஓடி எடுத்தார்னு புரியல, அப்புறம் தேதிய வரிசையா அடுக்கினப்போதான் தெரிஞ்சுது. 1963ல பீச்சிங் அறிக்கைன்னு ஒண்ணு வந்துச்சு, நஷ்டத்துல ஓடுற லைனையெல்லாம் மூடுங்கன்னு, 2,363 ஸ்டேஷன் அந்த மூடற பட்டியல்ல இருந்துச்சு. எல்லாத்தையும் மூடிடல, ஆனா பாதி நாட்டுக்கு ரயில் போச்சுன்னு இங்க வயசானவங்க இன்னும் அந்தப் பேரச் சொன்னாலே மொகத்தச் சுளிப்பாங்க. 1968 ஆகஸ்ட்ல நீராவி இன்ஜினும் முடிஞ்சுது. இவரு மூடறதுக்குள்ள பாத்துரணும்னு போயிருக்கார். சாவு வீட்டுக்கு முன்னாடியே போய் ஆளப் பாத்துட்டு வர மாதிரி.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு ஒத்துக்கவே இல்ல. போட்டோல ஆளே கிடையாது. ஸ்டேஷன் இருக்கும், பெஞ்ச் இருக்கும், பூந்தொட்டி கூட இருக்கும், மனுஷன் இருக்க மாட்டான். நம்ம வீட்டு ஆல்பத்துல ஊட்டி போன போட்டோவுல ஊட்டி தெரியாது, பெரியம்மா குடும்பம் மொத்தமும் ஊட்டிய மறைச்சுக்கிட்டு நிக்கும். இவரு பிளாட்பாரத்துல நடந்து போறவங்க தாண்டற வரைக்கும் காத்திருந்து க்ளிக் பண்ணியிருப்பார் போல.

முதல் வாரம் பூரா அந்தக் கைகாட்டியப் பாத்து குழம்பிப் போய் கிடந்தேன். கை மேல தூக்கி நிக்குது, சாய்வா வானத்தக் காட்டுது, அதத் தாண்டி ஜம்முன்னு வண்டி வருது. எங்க ஊர்ல கை படுத்தா நில்லு, கீழ இறங்குனா வா. நான் வளந்தது திருநெல்வேலி செங்கோட்டை லைன்ல, அம்பாசமுத்திரம் பக்கம், அப்போ மீட்டர் கேஜ். "கை இறங்கிட்டு ஏல, ஓடு"ன்னு கத்திக்கிட்டு புளியமரத்தடியில இருந்து ஸ்டேஷனுக்கு ஓடுவோம். டீக்கடைக்காரர் கை இறங்குறதப் பாத்துட்டுத்தான் பால அடுப்புல ஏத்துவார். எனக்கு உடம்புலயே பதிஞ்சு போனது அது, கை இறங்குனா யாரோ வர்றாங்க.

இங்க ஏன் மேல போகுதுன்னு தேடிப் பாத்தா, காரணம் பனி. 1876 ஜனவரியில ஆபட்ஸ் ரிப்டன்ங்கிற எடத்துல பனி கொட்டி, அந்தக் கால சிக்னல்ல கை கம்பத்துக்குள்ள இருக்கற இடுக்குல இறங்கும், அந்த இடுக்குல பனி அடைச்சு உறைஞ்சு போச்சு. டேஞ்சர், அதாவது நில்லுன்னு போட்டும் கை எழும்பல. எக்ஸ்பிரஸ் வந்து நிலக்கரி வண்டி மேல ஏற, அது மேல இன்னொரு எக்ஸ்பிரஸ். கம்பி அறுந்தாலும் பனி ஏறினாலும் கை தன் கனத்துல தானா டேஞ்சருக்கு விழணும்னா கை மேல தூக்குற மாதிரி இருக்கறதுதான் நல்லதுன்னு படிப்படியா வந்து, 1920கள்ல இருந்து இங்க பெரும்பாலான கம்பெனிங்க அப்படி மாத்திட்டாங்க. கிரேட் வெஸ்டர்ன் மட்டும் பிடிவாதமா நாங்க கீழதான் இறக்குவோம்னுட்டாங்க. சரி, அம்பாசமுத்திரத்துல என்னைக்குப் பனி கொட்டி கைகாட்டி சிக்கிச்சு.

இத அப்பாகிட்ட போன்ல சொன்னேன். "கை மேல போனா ஆஃப்ங்கியா?"ன்னு ரெண்டு தடவ கேட்டாங்க. ரயில்வேல ஆஃப்னா வண்டி வரலாம், ஆன்னு இருந்தா நிக்கணும், இங்கயும் அதே பேச்சுத்தான். எங்க வீட்ல அம்மா சோறு வெந்தா "சோறு ஆஃப் ஆயிட்டு, வாங்க"ம்பாங்க, கரண்ட்காரங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அது புரியவே புரியாது.

போன வருஷம் மே மாச லீவுக்கு மால்வர்ன் மலைக்குப் போனோம், லண்டன் பேடிங்டன்ல இருந்து. வூஸ்டர் ஷ்ரப் ஹில் ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு. நான் ஆரஞ்சுப் பழம் உரிச்சுக்கிட்டு இருந்தேன். ஜன்னலுக்கு வெளிய கம்பம், செவப்புக் கை, வெள்ளைக் கோடு. டங்குனு ஒரு சத்தம், கம்பி இழுபடுற சத்தம், கை கீழ இறங்குச்சு. கீழ! கிரேட் வெஸ்டர்ன் ஊரு அது, இன்னும் அந்தப் பழைய கையே நிக்குது. நான் எந்திரிச்சுட்டேன். என் வீட்டுக்காரரு "இன்னும் மால்வர்ன் வரலடி, உக்காரு"ங்கறாரு. எனக்கு மண்ணெண்ணெய் வாசம் அடிச்சுது, நெசமா. சாயங்காலம் அப்பா சிக்னல் ஏணியில விளக்கு எடுத்துக்கிட்டு ஏறும்போது காக்கிச் சட்டையில வர்ற அந்த வாசம். ஆரஞ்சு தோல் கையில இருந்தும் அதத்தான் மோந்தேன்.

இங்க செட்டில் ஆயிட்டேன்னுதான் எல்லாருகிட்டயும் சொல்றேன். பொய்யில்ல, லண்டன் ஹாரோல தமிழ்க் கடை இருக்கு, முருங்கக்கா கெடைக்குது, குளிருக்குக் காலுக்கு எத்தன அடுக்கு போடணும்னு தெரியும். நைட் டூட்டி முடிஞ்சு வரும்போது சிக்னல் கோளாறுன்னு அறிவிப்பு வந்தா மத்தவங்க மாதிரி நானும் உச்சுக் கொட்டுறேன். ஒரு நாள் அப்படி முக்கா மணி நேரம் நின்னப்போ அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன், உடனே போன் வந்துச்சு, "சிக்னல் ஃபெயிலானா பேப்பர் லைன் கிளியர் எழுதிக் குடுத்து வண்டிய அனுப்ப வேண்டியதுதான, எதுக்கு நிப்பாட்டி வச்சிருக்கான்?" காலையில ஏழு மணிக்கு, குளிருல, இங்கிலாந்து ரயில்வேக்காக நான் எங்க அப்பாகிட்ட வக்காலத்து வாங்கிக்கிட்டு நின்னேன்.

ஹாரோ அண்டு வீல்ட்ஸ்டோன் ஸ்டேஷன்ல ஒரு நினைவுப் பலகை இருக்கு, வருஷக்கணக்கா அதத் தாண்டிப் போயிருக்கேன், ஒரு நாள்தான் நின்னு வாசிச்சேன். 1952 அக்டோபர் 8, காலையில கூட்டமா நின்ன லோக்கல் வண்டி மேல ஸ்காட்லாந்து பெர்த்ல இருந்து வந்த நைட் எக்ஸ்பிரஸ் டேஞ்சர் சிக்னல தாண்டி வந்து ஏறிடுச்சு, அந்த இடிபாட்டு மேல யூஸ்டன்ல இருந்து வந்த இன்னொரு எக்ஸ்பிரஸ். 112 பேர் செத்தாங்க. அன்னைக்கு உதவிக்கு வந்தவங்கள்ல ஆபி ஸ்வீட்வைன்னு ஒரு கறுப்பின நர்ஸ், அமெரிக்க விமானப்படை. யாருக்குச் சிகிச்சை குடுத்தாச்சுன்னு தெரிய, தன் லிப்ஸ்டிக்க எடுத்து அடிபட்டவங்க மேல எக்ஸ் போட்டாங்களாம். நானும் நர்ஸ்தான், அதப் படிச்சதும் என் பைய தொட்டுப் பாத்துக்கிட்டேன், உள்ள லிப்ஸ்டிக் இருந்துச்சு. சிக்னல் மஞ்சளா இருந்தா டிரைவர் கேபின்லயே ஹாரன் அடிக்கற கருவி அந்த விபத்துக்கு அப்புறம்தான் நாடு பூரா வேகமா போட ஆரம்பிச்சாங்க.

சரி பெட்டிக்கு வர்றேன். 312ல ஒரே ஒரு ஸ்லைடுல ஆள் இருந்தார்.

வேல்ஸ், கேம்ப்ரியன் லைன், 1963, ஊர் பேரு ரெண்டு ல்-லுல ஆரம்பிக்கும், எனக்கு வாய்ல நுழையல. சிங்கிள் லைன். பிளாட்பாரத்து விளிம்புல ஒருத்தர், தொப்பி, கோட்டு, ஒரு கை நீட்டி வளையத்தத் தூக்கிப் பிடிச்சிருக்கார். வளையத்துல தொங்குற பையில டோக்கன். இன்ஜின்ல இருந்து ஃபயர்மேன் கை நீட்டுறார். ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு சாண் இருக்கும். ஆள் மொகம் நீராவில மறைஞ்சு போச்சு.

எங்க அப்பா பாயிண்ட்ஸ்மேன், ஸ்டேஷன்ல தண்டவாளம் மாத்திவிடற வேலை. அப்படியேதான் நிப்பாங்க. நிக்காத வண்டின்னா வளையம் அடிச்சு முழங்கை கன்னிப் போயிரும், அம்மா நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்ப்பாங்க. எங்க ஊர் டோக்கன் இரும்புப் பந்து, ஸ்டேஷன் மாஸ்டர் குடுக்கற அந்தப் பந்துல ஸ்டேஷன் பேரு வெட்டியிருக்கும், அத விரலால தடவி, வாய் விட்டுப் படிச்சுட்டுத்தான் பைக்குள்ள போடுவாங்க. தூக்குவாளியில சோறு கொண்டு போன நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், படிச்சதையே எதுக்குப் படிக்கணும்னு தோணும். 1921 ஜனவரியில இதே கேம்ப்ரியன் லைன்ல ஏபர்மியூல் ஸ்டேஷன்ல, வந்து இறங்குன டேப்லெட்டையே, அதுவும் டோக்கன் மாதிரிதான், அடுத்த செக்‌ஷனுக்கு உள்ளதுன்னு நெனச்சு அதே வண்டிக்குத் திருப்பிக் குடுத்துட்டாங்க, கை மாறி கை மாறிப் போனத ஒருத்தரும் படிச்சுப் பாக்கல, எதிர்ல வந்த எக்ஸ்பிரஸோட மோதி 17 பேர் செத்தாங்க. இப்போ அந்த லைன்ல கைகாட்டியும் இல்ல டோக்கனும் இல்ல, 2011ல இருந்து எல்லாம் டிரைவர் முன்னாடி ஸ்கிரீன்லயே வருது.

இந்த ஒரு போட்டோவ வச்சுக்கிட்டு நான் ரெண்டு நாள் ஒழுங்காத் தூங்கல. பொறாமைதான், வேற என்ன. ஒரு பேங்க் கிளார்க் பொழுதுபோக்குக்கு எடுத்ததுல ஒவ்வொரு கம்பத்துக்கும் தேதி போட்டு போட்டோ இருக்கு. 34 வருஷம் வளையம் தூக்குன எங்க அப்பாவுக்கு டூட்டியில இருக்கற மாதிரி ஒரு போட்டோ கிடையாது. ஐடி கார்டுல ஒண்ணு, கல்யாண போட்டோ ஒண்ணு, என் நிச்சயதார்த்தத்துல பந்தி விசாரிக்கறப்போ முதுகு தெரியற மாதிரி ஒண்ணு. கேமரா எங்கள மாதிரி வீட்ல ஏது, இருந்தாலும் ரயில்வே எடத்துல படம் எடுக்கக் கூடாதுன்னு பயம். அந்த மீட்டர் கேஜும் போச்சு, கம்பமும் போச்சு. மண்ட உள்ள மட்டும் கை இறங்கிக்கிட்டே இருக்கு.

அந்த ஸ்லைட போன்ல படம் எடுத்து அனுப்பினேன். அழுவாங்கன்னு நெனச்சேன். வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு: "கைய ரொம்ப வெறப்பா வச்சிருக்கான். லேசா மடக்கணும், இல்லன்னா தோள்பட்டை போயிரும். யாரும் சொல்லிக் குடுக்கலயோ."

அதோட விட்டேனா, இல்ல. இன்னொண்ணும் அனுப்பினேன், சிக்னல் கேபின் உள்ள எடுத்தது, 1967. வரிசையா சிக்னலும் தண்டவாளமும் மாத்தற லீவர், செவப்பு, மஞ்சள், கறுப்பு, நீலம், கைப்பிடி எல்லாம் வெள்ளி மாதிரி மினுங்குது. கை வேர்வை பட்டு துருப்பிடிச்சுரும்னு துணி வச்சுத்தான் லீவர் பிடிப்பாங்க, அந்தத் துணி ஒரு லீவர்ல தொங்குது. மேல ஷெல்ஃப்ல மணி. பக்கத்து கேபின்காரர் அடிக்கற மணிய எண்ணித்தான் என்ன வண்டின்னு தெரிஞ்சுக்கணும், நாலு அடிச்சா எக்ஸ்பிரஸ், மூணு அடிச்சு நிறுத்தி ஒண்ணுன்னா எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கற பாசஞ்சர், குக்கர் விசில் எண்ணுற மாதிரி. அடுப்பு மேல கெட்டில். மேஜையில ரெஜிஸ்டர் விரிச்சபடி. ஆள் இல்ல, வழக்கம்போல.

இதுக்கு மெசேஜ் வரல, போனே வந்துச்சு.

"ஏட்டி, ரெண்டு செவப்பு லீவர் இழுத்துக் கெடக்கு. வண்டி வருது. கேபின்மேன எங்க?"

"போட்டோ எடுக்கறவரு பின்னாடி ஒதுங்கி நிப்பாருப்பா."

"எதுக்கு ஒதுங்கணும்? அவன் கேபின்லதான?"

"படத்துல விழக் கூடாதுன்னு இருக்கும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. ஃபேன் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு, அம்மா ஏதோ கேக்கறாங்க, இவங்க பதில் சொல்லல. ஸ்கிரீன விரலால பெருசாக்கிப் பாக்கறாங்கன்னு தெரிஞ்சுது.

"சரி, பக்கத்துலதான் நிப்பான்"ன்னாங்க. "பெல் அடிச்சா வந்துருவான்."