“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்: கம்யூனிகேஷன் பேப்பருக்கு நான் படித்த விதம்

எம்.எஸ்.டபிள்யூ.வில் (சமூகப் பணி முதுகலைப் படிப்பு) மருத்துவ, மனநலப் பிரிவு எடுத்திருந்தேன். தகவல் தொடர்பு பேப்பரின் இன்டர்னல் தேர்வில் 50க்கு 21. தகவல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று காட்டும் ஷானன் மாடலைப் படம் போட்டு, பெர்லோ சொன்ன நான்கு உறுப்புகளையும் (அனுப்புபவர், செய்தி, வழி, பெறுபவர்) வரிசை தப்பாமல் எழுதியும் அவ்வளவுதான். மேடம் ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்: “இதில் நோயாளி எங்கே?” செமஸ்டருக்கு நான் படித்த விதத்தை அந்தக் கேள்விதான் மாற்றியது.

அப்போது வாரம் இரண்டு நாள் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய் ஓ.பி.யில் ஃபீல்டு ஒர்க். வியாசர்பாடியிலிருந்து ஓர் அம்மா, வீட்டு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குக் காலை ஏழு மணிக்கே வந்திருந்தார். “சாப்பிடாம வாங்கம்மா” என்று முந்தின வாரமே சொல்லி அனுப்பியிருந்தார்கள். ரத்தம் எடுக்கும் இடத்தில் கேட்டால், “சோத்துல கையே வைக்கலம்மா, டீ மட்டும்தான் குடிச்சேன்” என்றார். சர்க்கரை போட்ட டீ. இன்னொரு நாள் வரச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் கூலி போன வருத்தத்தோடு அவர் படியிறங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று இரவு பாடக் குறிப்பைத் திறந்தபோதுதான் கோட்பாடு புரிந்தது. ஷானன் 1948இல் எழுதியது தொலைபேசி போன்ற கருவிகளில் சிக்னல் போய்ச் சேர்வதைப் பற்றி. அந்தக் கணக்குப்படி இங்கே தவறே நடக்கவில்லை. மின்விசிறிச் சத்தம், டோக்கன் கூப்பிடும் குரல் எல்லாவற்றையும் தாண்டி அந்தச் சொல் அவர் காதில் சரியாகத்தான் விழுந்தது. ஆனால் ‘சாப்பிடுவது’ என்றால் நர்சுக்கு ஒன்று, அந்த அம்மாவுக்கு வேறொன்று. பொருள் சொல்லில் இல்லை, மனிதர்களிடம் இருக்கிறது என்று பெர்லோ 1960இல் சொன்னது இதைத்தான். ஷானனின் படத்தில் பதில் திரும்பி வர வழியே கிடையாது. மாடலின் குறைபாடு என்ன என்று கேட்டால் இதை எழுதுங்கள்.

அடுத்த வாரம் வரிசையில் இருந்தவர்களிடம் “புரிஞ்சுதா?” என்று கேட்பதை விட்டேன். அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். “நாளைக்குக் காலையில எழுந்ததும் என்னென்ன பண்ணுவீங்க, சொல்லுங்க” என்று கேட்டேன். எட்டுப் பேரில் மூன்று பேர் முதலில் சொன்னது டீ. பாடத்தில் ‘டீச்-பேக்’ என்று வருவது இதுதான். நோயாளிக்கு வைக்கும் பரீட்சையாக இதை நினைக்காதீர்கள். நாம் சரியாகச் சொன்னோமா என்றுதான் பார்க்கிறோம்.

அப்புறம், நிறுவனத்துக்குள் நடக்கும் பேச்சு. டூட்டி மாறும்போது தகவல் விட்டுப்போவதைப் பற்றிக் கேள்வி வந்தால் எஸ்.பி.ஏ.ஆர். (SBAR: இப்போதைய நிலை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை) எழுதலாம். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தொடங்கி மருத்துவமனைக்கு வந்த முறை. விரிவாக்கத்தோடு நிற்காமல் நான்கு வாக்கியமாகப் பேசிக் காட்டுங்கள்: “அவருக்கு இப்போது மூச்சு வாங்குகிறது. நேற்றுதான் ஆபரேஷன் முடிந்தது. ஆக்சிஜன் அளவு குறைந்துகொண்டே வருகிறது. நீங்கள் உடனே வந்து பார்க்க வேண்டும்.” நான்காவது வாக்கியம் முக்கியம். சீனியரிடம் ‘வாருங்கள்’ என்று சொல்ல ஜூனியர் தயங்கும் இடம் அது.

ஒரு குழு உருவாகி வளரும் கட்டங்களைச் சொல்லும் டக்மனின் குழு நிலைகளுக்கு அதிக நேரம் வேண்டாம். 1965இல் சொன்ன நான்கு, 1977இல் சேர்த்த ஐந்தாவது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி, போதும்.

நான் செய்த இன்னொரு காரியம், அன்று மருத்துவமனையில் கேட்ட ஓர் உரையாடலை, எழும்பூரிலிருந்து தாம்பரம் போகும் ரயிலில் பேச்சுத் தமிழிலேயே நோட்டில் எழுதியது. உட்கார இடம் கிடைக்காத நாளில் வீட்டுக்குப் போய் எழுதுவேன். பேசியவரின் சொல் மாறாமல் இருந்தால்தான் பேச்சு எங்கே அறுந்தது என்று பிறகு தெரியும். தேர்வுக்கு முந்தின வாரம் அந்த நோட்டைத்தான் அதிகம் புரட்டினேன். பெயர், படுக்கை எண், தெரு எதையும் எழுதாதீர்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் அந்த நோயாளியின் சொந்தக்காரராகவே இருக்கலாம்.